தேன் முட்டிக்கும் நுளம்பு மருந்து

வெள்ளவத்தையில் ரயிலேறி என் பக்கத்தில் அமர்ந்த ஓர் அம்மா, எதிரே மலேரியா நுளம்புக்கு மருந்தடிக்கும் பம்பை மடியில் வைத்திருந்தவனைக் கண்டதும் தொடங்கினார்.

"என்ரை தேனீக்கு மலேரியாவோ தம்பி? நேற்று வீட்டுக்கு மருந்தடிக்கேக்கை, கூரைக்குக் கீழை தேனீ வளர்க்கத் தொங்கவிட்ட மண் முட்டிக்கும் சேர்த்தெல்லோ அடிச்சிட்டீர்!"

"நுளம்பு ஒளிக்கிற இடமெல்லாம் அடிக்கச் சொல்லி ஓடர், அம்மா."

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முட்டியை மூடியிருப்பனே. காலமை கூட்டி அள்ளினது முழுக்கச் செத்த தேனீ."

"அது பூச்சிக்குத்தான் நஞ்சு. மனிசருக்கு ஒண்டும் செய்யாது. வெள்ளைக்கார டொக்டரே சொன்னவர்."

"அப்பிடியோ? நல்லது."

பம்பலப்பிட்டி தாண்டியதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "பிள்ளைக்கு இருமல், அம்மா. கொஞ்சம் தேன் கிடைக்குமோ?"

"ஏன் கிடையாது? நீர் மருந்தடிச்ச முட்டியிலை நிறையக் கிடக்கு. பின்னேரம் வந்து கொண்டுபோம்."

கொள்ளுப்பிட்டியில் இறங்கும்வரை அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.