இரண்டரைக் காதலுக்கு ஒரு விமர்சனம்

தேத்தண்ணி ஆறமுதல் குடியுங்கள், லோயர் பிள்ளை. சீனி குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். இந்த ஊரில் எல்லாரும் அளவுக்கு மிஞ்சித்தான் போடுகிறார்கள், தேத்தண்ணியிலும் பாராட்டிலும்.

'இரண்டரைக் காதல்' படத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் திரியும் ஓட்டோக்காரப் பொடியன். இவர்களுக்கு நடுவில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவன். மேடையில் ஏறினால் இறங்காத மனுசன். தனக்குப் போர்த்திய பொன்னாடைகளை மடிப்புக் குலையாமல் அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பவன், அதில் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணுக்குக் காதல் பரிசாகக் கொடுக்கிறான். அவள் விரித்துப் பார்க்க, உள்ளேயிருந்து யாரோ அவனுக்கு எழுதிய வாழ்த்துமடல் விழுகிறது. சனம் சிரிக்கிறது. கடைசியில் அவள் ஓட்டோக்காரனோடு போகிறாள். இவ்வளவுதான் படம்.

அந்தப் பாத்திரம் யாரையும் குறிக்கவில்லை. நான் சுலோஜனாவுக்கு ஒரு பொன்னாடை கொடுத்தது உண்மை. ஆனால் அதற்குள் வாழ்த்துமடல் இருக்கவில்லை. அதை நான் முதலே எடுத்துவிட்டேன்.

சுலோஜனா வானொலி அறிவிப்பாளர் வேலைக்காக உச்சரிப்புத் திருத்த என்னிடம் வந்தவள். இரண்டு வருடம், கிழமைக்கு மூன்று நாள், இதே விறாந்தையில். அவளுக்கு இருபத்தேழு வயது, எனக்கு அறுபத்தொன்று. இலக்கியம் வயது பார்ப்பதில்லை. படத்தின் கதையை எழுதியதே அவள்தான் என்பது திரையில் பெயர் ஓடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. படத்தை இயக்கி, ஓட்டோக்காரனாகவும் நடித்தவன் சிந்துஜன். படிப்புக் குறைவு, பற்கள் நல்லவை. இருவருக்கும் கலியாணம் பேசியிருக்கிறார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

முதற்காட்சியில் எங்கள் இலக்கிய வட்டத்தார் முன்வரிசையில் திருநீறு உலராத முகங்களோடு அசையாமல் இருந்தார்கள். பின்வரிசைகள் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. நான் பத்திரிகையில் 'கலவையான வரவேற்பு' என்று எழுதினேன். நடுநிலை என் பலவீனம். இரண்டாம் பாதி தொய்வு, ஒலிப்பதிவு மோசம் என்பதையும் சுட்டிக்காட்டினேன். அத்தோடு விட்டிருப்பேன்.

அடுத்த கிழமை படத்தைக் கிண்ணியாவில் காட்டினார்கள். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஹஸன் என் படலையடியில் நின்று, பாரை மீன் துண்டைத் தராசில் நிறுத்தபடி, மிக மரியாதையாகச் சொன்னார்: "சேர், நீங்க அந்தப் படத்தில நல்லா நடிச்சிருக்கீங்களாம். நம்மட பொண்டாட்டி திருப்பியும் பாக்கணும் எண்டு நிக்கிறா."

நான் நடிக்கவில்லை என்றேன்.

"அது தெரியும் சேர். அதான் அவ்வளவு இயல்பா இருக்கு."

அன்று பின்னேரம் மேலிடத்துக்கு அந்தப் பெட்டிசத்தை எழுதினேன். பெயர் போடவில்லை. இந்த நாட்டில் பெயர் போட்ட கடிதத்தை யாரும் முழுதாக வாசிப்பதில்லை. பாட்டுக் காட்சிக்காகப் பறக்கவிட்ட ட்ரோன் கமெரா துறைமுகத்தின் தடைசெய்யப்பட்ட பக்கத்தைப் படம்பிடித்தது, அது வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது என்று எழுதினேன். திருகோணமலையில் ஒருவன் யாரைக் காதலிக்கிறான் என்று மேலிடத்தில் எவரும் கேட்கமாட்டார்கள். துறைமுகம் என்றால் எழும்பி நிற்பார்கள். மூன்று இடங்களுக்குப் பிரதி அனுப்பினேன். நாலாம் நாள் சிந்துஜனைக் கொண்டுபோனார்கள்.

அந்த ட்ரோன் எங்கே பறந்தது என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். உப்புவெளிக் கடற்கரையில், விடுதிக் கூரைகளுக்கு மேலே. ஒருதரமும் துறைமுகப் பக்கம் திரும்பவில்லை. அன்று முழுக்க நானும் அங்கேதான் நின்றேன், படப்பிடிப்புப் பார்க்க வந்ததாகச் சொன்ன சுலோஜனாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு.

இரண்டு கிழமை கழித்து அவள் சிந்துஜனின் தாயோடு இங்கே வந்தாள். அவனுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டுமாம். "உங்கட கையெழுத்துக்கு ஒரு மதிப்பிருக்கு, சேர்" என்றாள். இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம் அது. தாய் என் காலில் விழப் பார்த்தார். அதையெல்லாம் நான் விரும்புவதில்லை.

ஏழு மாதமாக உள்ளே இருக்கிறான், ஒரு காது கேட்பதில்லை என்கிறீர்கள். ஒலிப்பதிவைப் பற்றி நான் முன்பே எழுதியிருந்தேன்.

நீங்கள் கெட்டிக்காரிதான். பெட்டிசத்தின் முடிவில் 'மேலும் இப்படத்தின் இரண்டாம் பாதி தொய்வாக உள்ளது' என்றிருந்ததைக் கண்டு பழைய பத்திரிகைகளைத் தேடியிருக்கிறீர்கள். உளவுக் குற்றச்சாட்டுக்குள் அது எதற்கு என்று கேட்பது நியாயம். ஆனால் ஒரு படைப்பைப் பற்றி எழுதிவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விட எனக்கு ஏலாது. அந்தப் பெட்டிசத்தில் உண்மையான வரி அது ஒன்றுதான்.

எல்லாம் பொய் என்று நான் கையெழுத்து வைத்தால், வருகிற கிழமை வழக்கில் அவன் வெளியே வந்துவிடுவான் என்கிறீர்கள். வைக்கிறேன். எனக்கு ஒருவரிலும் கோபமில்லை. சுலோஜனா வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். தனிய வரட்டும். கதாநாயகி கடைசியில் தெரிந்தெடுத்தது பிழையான ஆளை என்று ஒருதரம் தன் வாயால் சொல்லட்டும்.

படத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.