வேற்றுமை ஐந்து

அக்கா: நாளைக்கு வரப்போற வயித்து வலி உனக்கு இன்னைக்கே எப்படிடி தெரியும்?

தங்கை: நான் லீவு கேட்டதை யாரு சொன்னா?

அக்கா: பட்டன் தைக்கிற இடத்துல ரகசியமா? இங்க ஊசிக்குக்கூட காது இருக்கு. எங்க போற?

தங்கை: எங்கயும் இல்ல. நூலைக் குடு.

அக்கா: அப்போ உன் பையில இருந்த இந்த நோட்டு...

தங்கை: அக்கா! குடுத்துடு!

அக்கா: இரு, இரு. "சுண்டெலிக்கும் செம்பருத்திச் செடிக்கும் உள்ள வேற்றுமை ஐந்து." அடிப்பாவி, உன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே ஓட வெச்ச கேள்வியாச்சே!

தங்கை: கேள்வி ஓட வைக்கல. டீச்சர் என் பதிலை வகுப்புக்கே வாசிச்சுக் காட்டிச் சிரிச்சாங்க.

அக்கா: சிரிக்காம? எலி ஓடும், செடி நிக்கும்னு எழுதிட்டுப் போறதை விட்டுட்டு... "எலிக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும். எதையாவது கடிச்சாத்தான் பிழைக்கும். செம்பருத்தியைக் கிள்ளினா கிள்ளின இடத்துக்குக் கீழ ரெண்டு கிளை விடும். ரெண்டும் அடங்காத ஜென்மம்." ஏண்டி, வேற்றுமை கேட்டா ஒற்றுமையை எழுதி வெச்சிருக்க!

தங்கை: அதுல எது பொய்?

அக்கா: பொய்யில்ல. மார்க்கும் இல்ல.

தங்கை: வேண்டாம். நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.

அக்கா: நாளைக்கா?

தங்கை: நூலு அறுந்துடுச்சு. அந்த ஊசியைக் குடு.

அக்கா: வாய் முந்திக்கிச்சா?

தங்கை: ஆமா. பத்தாவது எழுதப் போறேன், தனியா. ஹால் டிக்கெட் வந்தாச்சு. போ, அப்பாகிட்ட சொல்லிக்கோ.

அக்கா: ஒரு தடவை ஓடி வந்தவளுக்குப் படிப்பு எதுக்குன்னு குதிப்பாரே...

தங்கை: குதிக்கட்டும். கிள்ளிப் பாக்கட்டும்.

அக்கா: மறுபடி யாராவது சிரிச்சா?

தங்கை: இந்தத் தடவை எந்திரிக்க மாட்டேன். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் உக்காந்து எழுதுவேன்.

அக்கா: பேச்சைப் பாரு! கடைக்காரன்கிட்ட மீதிச் சில்லறை கேக்கவே கூச்சப்படுறவ...

சூப்பர்வைசர்: அங்க என்ன சத்தம்? நாப்பது சட்டை அப்படியே கிடக்கு. அக்காவும் தங்கச்சியும் ஒரே நாள்ல லீவு போட்டா யாரும்மா தைக்கிறது? ஒருத்திக்கு வயித்து வலி, ஒருத்திக்குப் பல்லு வலி!

தங்கை: பல்லு வலியா? உனக்கா? நாளைக்கு வரப்போறது இன்னைக்கே எப்படிக்கா தெரியும்?

அக்கா: மெதுவாடி... நீ படிக்கணும்னு ஒம்பதோட நின்னவ நான். எலிப் பல்லு. எத்தனை வருஷம்தான் கடிக்காம வெச்சிருக்கறது? எனக்கும் ஹால் டிக்கெட் வந்தாச்சு, உனக்குப் பின் பெஞ்சு நான்தான். திரும்பிப் பாக்காம எழுது.