அட்டையைக் கழற்ற வந்தவர்

சக்கர நாற்காலியை நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது பின்பக்கமாகத் திருப்பித்தான் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்துவிடுவார். நேற்று மதியம் பேக்கரி முனையில் நான் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் அவசரமாக. லிண்ட்ஸேயை இரண்டு மணிக்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டாக வேண்டும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். எனக்கு முதல் என்றால் அதுதான்.

பேக்கரி நோலா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். லிண்ட்ஸே பாதுகாப்புக் கண்ணாடி, காது மூடி, தூசி முகமூடி எல்லாம் அணிந்திருந்தார். பட்டறைக்குப் போகிறவர் வழியிலேயே போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

"யாரு கிரேம், புது ஆளா?"

"பழைய மெம்பர்தான். இன்னிக்குத்தான் கடைசியா வர்றாரு."

"பாவம், குளிர்ல வெறச்சுப் போயிருக்காரே. பூசணி சூப் சூடா இருக்கு, தரவா?"

பசி இல்லையாம் என்றேன். அது பொய்யில்லை.

எங்கள் மென்ஸ் ஷெட் உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பத்து இருபது கிழவர்கள் சேர்ந்து நடத்துகிற தச்சுப் பட்டறை. ஆளுக்கொரு மெஷின் கிடையாது, எல்லாமே பொது. பொது மெஷின் என்றால் நான் போட்டதை நீங்கள் எடுப்பீர்கள், நீங்கள் விட்ட இடத்தில் இன்னொருவர் கை வைப்பார். ஆகவே ஒரு பாதுகாப்பு அதிகாரி தேவை. நான்தான் அது. வேறு யாரும் போட்டியிடவில்லை.

எங்களிடம் இருப்பதிலேயே ஆபத்தானது பிளேனர். ஒரு பக்கம் கரடுமுரடான பலகையைக் கொடுத்தால் உள்ளே சுழலும் பிளேடுகள் சீவி, மறுபக்கம் பட்டுப்போல அனுப்பும். பலகைக்குக் கொடுப்பதைக் கைக்கும் கொடுக்கும். அதற்காகவே அபாய அட்டை வைத்திருக்கிறோம். மெஷினில் ஏதாவது சரியில்லை என்றால், கண்டுபிடித்தவர் தன் பெயரும் படமும் போட்ட சிவப்பு அட்டையை மின்கம்பியில் கொக்கி போட்டு மாட்டிவிடுவார். மாட்டியவர்தான், தன் கையால்தான், அதைக் கழற்ற வேண்டும். அவரை அணுகவே முடியாத நிலையில் மட்டும் கமிட்டி கூடி முடிவு செய்யலாம். இந்த விதியை எழுதியவன் நான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை லிண்ட்ஸே பிளேனரில் தன் அட்டையை மாட்டினார். புதன்கிழமை வீட்டில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டே இறந்துபோனார்.

அடக்கம் நாளைக்கு. லிண்ட்ஸே தன் சவப்பெட்டிக்கென்று ஆறு பலகை பிளாக்வுட் பல வருடமாகக் காயப்போட்டு வைத்திருந்தார். அந்த மரத்தில்தான் அவர் போக வேண்டும் என்று அவருடைய மனைவி ஜாஸ்லின் கேட்டுக்கொண்டாள். பலகைகள் இன்னும் இழைக்காதவை. இழைக்கவில்லை என்றால் டென்ஹோமின் அடக்க நிலையத்திலிருந்து மரத்தூளை அழுத்திச் செய்த பெட்டிதான். நாற்பது வருடம் மரத்தோடு வாழ்ந்த மனிதனுக்கு மரத்தூள் பெட்டி என்பது எங்கள் எல்லோருக்குமே அவமானம்.

நேற்று எங்கள் தலைவர் டிரெவர் அட்டையை வெட்டி எடுக்கக் கம்பி வெட்டும் கட்டரோடு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"யோவ், ஆளு செத்துட்டான்யா. அவன் எப்படி வந்து கழட்டுவான்?"

"செத்தவங்களுக்கு விலக்குன்னு விதியில எங்க இருக்கு?"

"எழுதினவன் நீதானய்யா. இப்ப எழுதிக்க."

"அணுக முடியாத நிலைன்னா மட்டும்தான் கமிட்டி. லிண்ட்ஸேயை அணுக முடியும். மூணு தெரு தள்ளித்தான் இருக்காரு."

டிரெவர் கட்டரைக் கீழே வைத்தார். பிறகு சாசேஜ் சுடப் போய்விட்டார். ஒருவர் பதில் சொல்லாமல் போனால் ஒப்புக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வது.

டென்ஹோம் புதன்கிழமை மதியங்களில் புல்தரையில் பந்து உருட்டி விளையாடப் போய்விடுவார். பக்கக் கதவைப் பூட்டுவதில்லை. அதுவே ஒரு பாதுகாப்புக் குறைபாடு, அவரிடம் பிறகு சொல்ல நினைத்திருந்தேன். லிண்ட்ஸேக்கு நீல சூட் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். டையைக் கழற்றினேன், பிளேனர் அருகே டை கூடாது. மோதிரத்தையும் கழற்றி, உறையில் போட்டு, என் சட்டைப்பையில் வைத்தேன். சட்டைக் கைகள் தொளதொளவென்று இருந்ததால் ரப்பர் வளையம் மாட்டினேன். அங்கிருந்த சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்போது, குளிரில் அவர் முழங்கால்கள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. அவசரப்படுத்தவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் எதற்கும் அவசரப்பட்டவர் இல்லை.

ஷெட்டில் யாரும் இல்லை. எல்லோரும் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மின்கம்பி மெஷினின் பின்பக்கம், பலகை வெளியே வருகிற வாய்க்கு நேர் எதிரே சுவரில் இருக்கிறது. நாற்காலியை அங்கே நிறுத்தி பிரேக் போட்டேன். லிண்ட்ஸேயின் வலது கையை எடுத்து, அட்டையின் கொக்கியில் வைத்து, என் கையால் மேலாக அழுத்தினேன். கொக்கி கழன்றுகொண்டது. அட்டை அவர் மடியில் விழுந்தது. கழற்றியது அவர் கைதான், மேடம். நான் உதவினேன், அவ்வளவே. முதுமையில் எல்லோருக்கும் உதவி தேவைப்படுகிறது.

மெஷினைப் போட்டேன். முதல் பலகை நன்றாகவே வந்தது. கறுப்பும் தேனுமாக ரேகைகள். லிண்ட்ஸே பார்க்கட்டும் என்று ஒரு நிமிடம் அவர் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

இரண்டாவது பலகை பாதி போனபோது சத்தம் மாறியது. சத்தம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும். சுவிட்சுக்குக் கை நீட்டினேன். என் கை போய்ச் சேர்வதற்குள் பிளேடு வெளியே வந்துவிட்டது.

மெஷின் வாய்க்கு நேராக யாரும் நிற்கக் கூடாது என்பது சுவரில் எழுதியிருக்கிற முதல் விதி. லிண்ட்ஸே நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் அது என் கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்கிறேன். பிளேடு நீல சூட்டின் மூன்றாவது பொத்தானுக்கு மேலே போய் நின்றது. உயிரோடு இருக்கிற எவராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். அந்த வகையில் பார்த்தால் நான் சரியான ஆளைத்தான் அழைத்து வந்தேன். யாருக்கும் காயம் இல்லை என்பதால் கதவுப் பலகையில் நேற்றைய தினத்தையும் விபத்தில்லாத நாளாகவே எழுதினேன்.

சத்தம் கேட்டு டிரெவர் ஓடி வந்தார், கையில் சாசேஜ் வைத்த ரொட்டியோடு. லிண்ட்ஸேயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீ நவுராத கிரேம். எதையும் தொடாத." ஷெட்டில் சேர்ந்த நாளிலிருந்து டிரெவர் சொன்னதிலேயே சரியான பாதுகாப்பு அறிவுரை அதுதான்.

பலகைகளை நீங்கள் சாட்சியப் பொருளாக எடுத்துக்கொண்டீர்கள். லிண்ட்ஸே நாளை மரத்தூள் பெட்டியில்தான் போகப் போகிறார். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அட்டை விஷயத்தில் மட்டும் நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று இன்று காலை வரை உறுதியாக இருந்தேன்.

இன்று காலை ஜாஸ்லின் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள், மோதிரத்தை வாங்கிப்போக. நீங்கள் அவளை என்னோடு இரண்டு நிமிடம் உட்கார விட்டீர்கள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அவரு எதுக்கு அட்டை மாட்டினாருன்னு நீ யாரையாவது கேட்டியா கிரேம்?"

விதியில் அது இல்லை என்றேன். யார் கழற்றுவது என்பதுதான் விதி.

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே சொன்னாரு. பிளேடு போல்ட் ஒண்ணுகூட முறுக்கல, யாரோ வெரலால திருகிட்டு அப்படியே விட்டுருக்கான்னாரு. யாருன்னு கேட்டேன். விடு ஜாஸ், வியாழக்கிழமை நானே போய் முறுக்கிடறேன், யாருக்கும் தெரிய வேணாம்னுட்டாரு."

அவள் போய் வெகு நேரமாகிறது. லிண்ட்ஸே ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த மெஷினில் பிளேடு மாட்ட எங்கள் ஷெட்டில் அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான்.