மழை விட்டதும் இறங்கிய மூன்று படகுகள்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை இந்தத் தாளின் மேலே உள்ள கட்டங்களில் நானே நிரப்பியிருக்கிறேன். வயது அறுபத்தேழு. மனைவி காலமாகிவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள தெருவில், மாடி வீட்டில், மகளோடு குடியிருக்கிறேன். கேளிக்கைப் பூங்காவின் படகுச் சறுக்கில், கீழ்க்குளத்தில் நின்று, இறங்கி வரும் படகைக் கொக்கிக் கழியால் ஓரத்துக்கு இழுப்பது என் வேலை. அங்கே கொக்கித் தாத்தா என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள்.

காவல் நிலைய எழுத்தர் நான் சொல்வதைத் தட்டச்சு செய்வதாகச் சொன்னார். நான் சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றேன், ஆகவே என் கையாலேயே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். “அப்ப எனக்கு இன்னிக்கு லீவு” என்றார். அதிகாரி அனுமதித்தார். அடித்துத் திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அப்படி இடுவது எனக்குப் பிடித்துப்போனதால், திருத்தம் இல்லாத ஓர் இடத்திலும் இட்டுவிட்டேன். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படகுகளைச் சங்கிலி மேலே ஏற்றிக்கொண்டு போகும். மேடையில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதில் ஆட்களோடு படகுகள் வரிசையாக நிற்கும். முன்னால் ஒரு கதவு. ஒரு லேப்டாப்தான் அந்தக் கதவை நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கி, ஒரு படகை விட்டு, மறுபடி மூடும். லேப்டாப்புக்குப் பக்கத்தில் இரண்டு பட்டன்கள் உண்டு. பச்சை, கையால் படகை விடுவதற்கு. சிவப்பு, எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு. மேடையைப் பார்த்துக்கொள்பவனை நெட்டை என்போம். என் பக்கத்தில் கீழே எந்தப் பட்டனும் கிடையாது.

கதவுக்கான நிரலை எழுதியவள் என் மகள். வீட்டில் இருந்தே இந்த வேலை செய்கிறாள். பூங்காவில் அவளைப் பற்றிச் சொல்லிவைத்தது நான்தான்.

முதலில் எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகு மேனேஜர் வீட்டுக்கே வந்து, “ஏம்மா, மணிக்கு அறுபது படகு போகணும், உங்க கம்ப்யூட்டர் அம்பத்தஞ்சுதான் விடுது. மீதி அஞ்சையும் உங்க மொட்டை மாடியிலயா கட்டி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். மகள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “படகை விட்டு, கதவை மூடி, அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லியிருக்கேன் அப்பா. கதவு ஏறி இறங்குற நேரம் கணக்குலயே வரலை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போகுது.” அதை மாற்றினாள். இனி அது எண்ணாது, கடிகாரத்தைப் பார்க்கும், நிமிடம் பிறந்ததும் ஒரு படகை விடும், எங்காவது தாமதமானால் அடுத்ததில் ஈடுகட்டிக்கொள்ளும் என்றாள்.

அதன் பிறகு ஒரு வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். குளத்துக்கு எதிரே உள்ள பெரிய கடிகாரத்தில் நிமிட முள் நகரும்போது மேலே கதவு உயரும். நான் பாதி நாள் மேலே பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தே கழியை நீட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. என் மகள் செய்தது என்று டிக்கெட் கிழிப்பவர் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

சம்பவ நாளன்று மதியம் வெயிலோடு மழை வந்தது. மேடைக்குக் கூரை உண்டு, சுவர் கிடையாது. சாரல் அடித்ததால் நெட்டை கையை உயர்த்திக் காட்டிவிட்டு, லேப்டாப்பின் மூடியைச் சாத்தி, தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் சுற்றினான். கதவு மூடியே இருந்தது. வாய்க்காலில் நான்கு படகுகள் ஆட்களோடு நின்றன. யாரும் இறங்கவில்லை. நனைந்துகொண்டே சிரித்தார்கள். முதல் படகில் ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றித் தலைக்குமேல் பிடித்திருந்தார். “ஏம்பா, டிக்கெட்ல குளியலும் சேர்த்தியா?” என்று ஒருவர் கேட்டது கீழே எனக்குக் கேட்டது.

சில நிமிடங்களில் மழை விட்டது. அதன் பிறகு நெட்டை கோட்டை எடுத்து உதறி, லேப்டாப்பைத் திறந்துவிட்டு, கடைசிப் படகில் தண்ணீர் நின்றதால் அதை இறைக்கப் போனான். இதை நான் கீழிருந்து பார்த்தேன். சறுக்கு நேராக இருப்பதால் மேடை முழுவதும் தெரியும்.

கதவு உயர்ந்தது. முதல் படகு இறங்கியது. அது குளத்தில் விழுந்ததும் கொக்கியை மாட்டி இழுக்க ஆரம்பித்தேன். கதவு மூடும் சத்தம் கேட்டது. உடனே உயரும் சத்தமும் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, அதில் ஒரு மூச்சு நேரம் போய்விட்டது. மேலே பார்த்தபோது இரண்டாவது படகு பாதிச் சறுக்கில் இருந்தது. அதற்குப் பின்னால் மறுபடி கதவு உயர்ந்திருந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. சோளப்பொரிக் கடை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். படகில் இருந்தவர்கள் நான் விளையாட்டுக்குக் கத்துவதாக நினைத்துக் கையசைத்தார்கள்.

முதல் படகைப் பாதிதான் இழுத்திருந்தேன். இரண்டாவது அதன் பின்பக்கத்தில் மோதி நின்றது. அதன் பிறகு மூன்றாவது வந்து இரண்டாவதன் மேல் ஏறியது. இரண்டாவது படகின் பின் இருக்கையில் இருந்தவர் ஒரு தையல்காரர், மனைவியோடு வந்தவர். அடி அவர் முதுகிலும் தலையிலும் பட்டது. என் கழி உடைந்தது. தண்ணீரில் இறங்கி அவர் தலையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்தது வருகிறதா என்று பார்த்தேன். அந்தப் பயம் இன்னும் என் காலில் இருக்கிறது. பேனா பிடிக்கிற கையில் இல்லை.

நான்காவது வரவில்லை. அதன் மூக்கு கதவைத் தாண்டிச் சறுக்கின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். நெட்டை மேடையில் குப்புறப் படுத்து, படகின் பின்வளையத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். “விட மாட்டேன் தாத்தா! நீங்க அவரைப் பாருங்க!” என்றான். சிவப்புப் பட்டனை ஏன் அவன் அழுத்தவில்லை என்று அதிகாரி கேட்டார். அது லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவன் வரிசையின் கடைசியில் இருந்தான். எழுந்து போயிருந்தால் படகு போயிருக்கும். பச்சைப் பட்டனும் அங்கேதான் இருக்கிறது. கதவு முதலில் உயர்ந்ததிலிருந்து அவன் அந்த மேசைப் பக்கம் போகவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு தையல்காரரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வராந்தாவில் அவர் மனைவி என் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அங்க அப்படிக் கத்துனீங்களே, இங்க ஒரு தடவை கத்துங்க அண்ணா, கண்ணைத் திறக்குறாரான்னு பாக்கலாம்” என்றார். தையல்காரர் படுத்திருந்த அறைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இதை எழுதும் இந்த நேரம் வரை அவர் கண் திறக்கவில்லை.

அதே வராந்தாவில் மேனேஜர் என்னை ஓரமாக அழைத்து, “நெட்டை அவசரத்துல பச்சையைப் போட்டுப் போட்டு அழுத்திட்டான், நீங்க பார்த்தீங்க. அவ்வளவுதான் தாத்தா” என்றார். நான் பார்க்கவில்லை என்றேன். “பார்க்கலைன்னா அப்புறம் யார் விட்டதுன்னு தேடுவாங்க. தேடுனா உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க” என்றார். நான் அங்கிருந்து வந்துவிட்டேன். அன்று மாலையே நெட்டையைக் காவலில் வைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்குப் போனபோது மகள் தன் லேப்டாப்பை மேசையில் வைத்திருந்தாள். அதே நிரலை அதில் ஓடவிட்டு, படகு விட வேண்டிய ஒவ்வொரு முறையும் ‘படகு’ என்ற சொல் திரையில் வரும்படி செய்திருந்தாள். நிமிடத்துக்கு ஒரு சொல் வந்தது. நானே படித்தேன். அதன் பிறகு அவள் மூடியைச் சாத்தினாள். சில நிமிடங்கள் கழித்து மூடியைத் திறந்தாள். படகு, படகு, படகு, படகு என்று வரி வரியாக ஒரே மூச்சில் வந்தது. எனக்குப் பிடித்த எழுத்துகள்தான். அதைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மகள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “மூடியைச் சாத்துனா அது தூங்கிடும் அப்பா. முழிச்சதும் கடிகாரத்தைப் பார்க்குது. இத்தனை நிமிஷம் போயிடுச்சே, இத்தனை படகு பாக்கியாச்சேன்னு எல்லாத்தையும் சேர்த்து விடுது. நாலு நாள் வேலைக்கு வராத ஆளு அஞ்சாம் நாள் வந்து மொத்த வேலையையும் ஒரே மூச்சுல செய்யற மாதிரி. போன நிமிஷம் போனதுதான், விட்டுடுன்னு நான் எழுதியிருக்கணும். மூடியைச் சாத்துவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை.”

நான் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினேன். “பாப்பா, இது நமக்குள்ளயே இருக்கட்டும்” என்றேன். “நெட்டை அண்ணன் உள்ள இருக்காரே அப்பா?” என்றாள். நான் அவள் கல்யாணத்தைப் பற்றி, அவள் அம்மாவைப் பற்றி, எதை எதையோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “பச்சைப் பட்டன்னு முடிச்சுட்டா இந்த நிரலை யாரும் பார்க்க மாட்டாங்க. சறுக்கைத் திறப்பாங்க. மறுபடி மழை வரும்” என்றாள். அதன் பிறகு, “நீங்க பார்த்ததை நீங்க எழுதுங்க. நான் செஞ்சதை நான் எழுதுறேன்” என்றாள்.

அதன் பேரில் இன்று காலை இருவரும் சேர்ந்து இந்த நிலையத்துக்கு வந்தோம். எங்களை யாரும் அழைக்கவில்லை, மிரட்டவும் இல்லை. மேனேஜர் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன்.

இதில் நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், மகள் சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே எழுதினேன். பயத்தினால் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, ஒரு சொல்லை விடவும் இல்லை. முழுவதையும் ஒரு தடவை நானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உண்மைதான். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கையெழுத்துப் போட்டதும் அவளை உள்ளே அழைப்பதாகச் சொன்னார்கள். இன்னும் எழுத ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

(ஒப்பம்)