கோயில் மணக்கும் மழைக்கோட்டு

"எங்க வீட்டுக்காரருக்க மழைக்கோட்டுல இப்பம் கோயில் மணம் அடிக்குது, லீமா."

மார்த்தாண்டம் போகும் பேருந்தில் மழைக்கு ஷட்டர்களை இறக்கியிருந்தார்கள். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவர் இனயத்தில் ஏறியவர், ஒரு மீனவரின் மனைவி. லீமா மழைக்கோட்டு தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள்.

"என்னக்கா செய்தீங்க?"

"மீன் நாத்தம் போகட்டுமேன்னு சோப்புப் பொடியில ஊறப் போட்டேன். மறுநாள் கடல்ல மழை. மனுசன் தொப்பலா நனைஞ்சு விறைச்சுப் போய் வந்தாரு."

"தண்ணி ஒட்டாம இருக்க துணிக்க மேல ஒரு பூச்சு பூசியிருக்கும், சோப்பு அதக் கெடுத்துரும். பிறகு தண்ணி துணியில ஒட்டி உள்ள இறங்கும்."

"மெழுகு சிந்தின சேலையில தண்ணி நிக்காதுல்லா? அந்த நெனப்புல குருசடியில மாதா சுரூபத்துக்கு முன்னால எரிஞ்ச மெழுகுதிரித் துண்டெல்லாம் பொறுக்கிக் கோட்டுல தேச்சு, இஸ்திரிப் பெட்டியால சூடு காட்டினேன்."

"அது சரிதான். மெழுகுல தண்ணி ஒட்டாது. தண்ணியோட தண்ணி சேந்து, முத்து முத்தா உருண்டு ஓடிரும்."

"நேத்து அப்படித்தான் ஓடிச்சாம். கோயில் மணம் வேற அடிக்குதா, மாதா செய்த புதுமை, அற்புதம்னு வள்ளத்துல எல்லாரும் சொல்லுதாங்களாம்."

"மெழுகுதான்னு நீங்க சொல்லலியா?"

"எதுக்கு? சோப்புல போட்டதே அவருக்குத் தெரியாது."