மீசைக்கு யாரைக் கேட்டீங்க?

நல்ல இல்லம், நல்ல இல்லம்னு சொல்றோமே... எதை வச்சுச் சொல்றோம்? இருங்க. அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்கப்பா, பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும். ஒரு சின்னக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லுங்க.

தேனிப் பக்கம் ஒரு இல்லம். மனவளர்ச்சி குறைஞ்ச ஆம்பளைங்க தங்கியிருக்கிற இடம். அங்க பவுன்ராஜ்னு ஒருத்தர். வயசு நாப்பதைத் தாண்டிடுச்சு, காதோரம் நரை. பேச்சு மெதுவாத்தான் வரும். ஆனா தனக்கு என்ன வேணும், என்ன வேணாம்ங்கிறது அவருக்கு நல்லாத் தெரியும். அவருங்கிறேன், கவனிச்சீங்களா? அந்த இல்லத்துல யாரும் அப்படிச் சொன்னதில்லை. "அந்தக் கொழந்தை குளிச்சுச்சா? இந்தக் கொழந்தை சாப்பிட்டுச்சா?" இப்படித்தான் பேசுவாங்க. நரைச்ச மனுஷன்... கொழந்தையாம்!

அவருக்கு ஒரு தங்கச்சி, பஞ்சவர்ணம். ஒருநாள் போன் பண்ணிச்சு. "அண்ணே, எம் பயலுக்குக் காது குத்தப் போறோம். நீதான் தாய்மாமன். உம் மடியிலதான் உக்கார வைக்கணும். நல்லா மீசை வச்சுக்கிட்டு ஜம்முன்னு வாண்ணே!"

அவ்வளவுதான், மனுஷன் மீசை வளர்க்க ஆரம்பிச்சுட்டார். எந்நேரமும் கண்ணாடிதான். சமையக்காரம்மாகிட்டக் காட்டுவார், வாட்ச்மேன்கிட்டக் காட்டுவார். "மாமன்... நான் மாமன்..." மீசையும் நல்லாவே வந்துச்சு.

காதுகுத்து ஞாயித்துக்கிழமை. அதுக்கு ரெண்டு நாள் முந்தி, இல்லத்தோட தரத்தைப் பாக்க அதிகாரி வர்றார்னு தகவல். வார்டன் என்ன பண்ணார்? முடிவெட்டுற ஆளைக் கூப்பிட்டார். எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு மொட்டை. தாடி, மீசை, ஒண்ணும் மிச்சம் வைக்கலை. பவுன்ராஜ் ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிட்டார். "வேணாம்... மாமன்... வேணாம்..." ரெண்டு பேர் அந்தக் கையைப் பிடிச்சு விலக்கினாங்க. வழிச்சாச்சு. வழிச்சு எறிஞ்சாச்சுய்யா!

அதிகாரி வந்தார். தரையைப் பாத்தார், கக்கூஸைப் பாத்தார், குழம்புச் சட்டியைத் திறந்து மோந்து பாத்தார். அதெல்லாம் பாக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லலை. அப்புறம் வரிசையா நிக்கிற மொட்டைத் தலைங்களைப் பாத்தார். "அடடே, எல்லாரும் என்னமா பளிச்சுன்னு இருக்காங்க!" வார்டனுக்கு வாயெல்லாம் பல்லு.

பவுன்ராஜ் வரிசையை விட்டு முன்னால வந்தார். அதிகாரிக்கு நல்ல கத்தை மீசை. அதையே பாத்துக்கிட்டு நின்னவர், விரலை நீட்டிக் கேட்டார்.

"சார்... இந்த மீசை வைக்க... நீங்க யாரைக் கேட்டீங்க?"

அதிகாரி சிரிச்சார். வார்டன் சிரிச்சார். "கொழந்தை சார் அது... ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கும்." டீ வந்தது, குடிச்சார். முதல் தரம்னு எழுதிக் கொடுத்துட்டுக் கார் ஏறிட்டார். அன்னிக்கு அந்த இல்லத்துல உருப்படியான கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலை.

ஞாயித்துக்கிழமை கோயில்ல சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கு. பவுன்ராஜ் துண்டால வாயைப் பொத்திக்கிட்டு வந்து உக்காந்தார். மடியில பிள்ளையை வச்சாச்சு, ஆசாரி ஊசியோட தயார். குத்துறப்ப பிள்ளை திமிறும்ல? ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கணும்ல? இவர் ஒரு கையைத் துண்டை விட்டு எடுக்க மாட்டேங்கிறார்.

"அண்ணே, கையை எடுண்ணே..."

தலையை ஆட்டுறார். "மாமன்... மீசை... இல்ல."

கூட்டத்துல எவனோ சிரிச்சான். ஆசாரி, "நல்ல நேரம் போகுதும்மா"ங்கிறார். கடைசியில என்னாச்சு தெரியுமா? பிள்ளையை அவர் மடியில இருந்து தூக்கிட்டாங்க. சித்தப்பா மகன் ஒருத்தன் மடியில வச்சுக் காது குத்தினாங்க. பவுன்ராஜ்... அந்த வெறும் மடியோட அப்படியே உக்காந்திருந்தார்.

பஞ்சவர்ணம் இல்லத்துக்கே போயிடுச்சு. "யாரைக் கேட்டு எங்கண்ணன் மீசையை வழிச்சீங்க?"

வார்டன் அசரலை. "என்னம்மா சத்தம் போடுறே? நாங்க முதல் தரம் வாங்கியிருக்கோம். கொழந்தைங்களை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம், பாரு!"

"கொழந்தையா? வீட்டுல இருக்கிறதுதாங்க கொழந்தை. இவரு அதுக்கு மாமன்!"

என்னய்யா தரம் இது? எனக்கு வயிறு எரியுது. கக்கூஸைக் குனிஞ்சு பாக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, எதிர்ல நிக்கிற மனுஷன் மூஞ்சியைப் பாக்கத் தெரியலையே!

கை தட்டுறீங்களா? தட்டாதீங்க. நாம மட்டும் யோக்கியமா? பிறந்தநாளுக்கு, நினைவுநாளுக்கு இந்த மாதிரி இல்லங்களுக்குச் சாப்பாடு போடப் போறோம். அவங்களை நிக்க வச்சு வாழ்த்துப் பாட்டுப் பாடச் சொல்றோம், போட்டோ எடுக்கிறோம். அவங்கள்ல ஒருத்தர் பேரையாவது கேட்டிருக்கோமா? வீட்டுக்கு வந்து என்ன சொல்றோம்? "ரொம்ப சுத்தமா வச்சிருக்காங்கப்பா!" அப்ப நாமளும் அந்த அதிகாரி போட்ட அதே மார்க்கைத்தானே போட்டோம்?

சுத்தம் வேணும், சோறு வேணும், யார் இல்லேன்னா? ஆனா எந்தச் சட்டை போடணும், எப்பப் படுக்கணும், மீசை வேணுமா வேணாமான்னு ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொல்ல முடியலைன்னா, அது இல்லம் இல்லைய்யா. நல்லாத் துடைச்சு வச்ச கொட்டடி!

அடுத்த தடவை போறப்ப தரையைப் பாருங்க, பாத்திரத்தைப் பாருங்க. பாத்துட்டு, அங்க ஒருத்தர் பக்கத்துல உக்காருங்க. "அண்ணே, இந்த மொட்டை நீங்க கேட்டு அடிச்சதா?"ன்னு கேளுங்க. பதில் மெதுவாத்தான் வரும்... வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க. அவர் என்ன சொல்றாரோ, அதுதான் அந்த இல்லத்துக்கு மார்க்.