சொல்தா வீட்டுக் குளிர்

ஐயா,

ஸ்டேஷனில் உங்கள் அறையில் இருக்கும் ஏ.சி.யின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி ஒரு வருடமாவது ஆகியிருக்கும். நேற்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அது இழுத்து இழுத்து மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதி என் காதில் விழவில்லை. தொழில்காரன் காது அப்படி. மன்னிக்க வேண்டும்.

சிவசுப்பிரமணியன் ஐயா இறந்தது பற்றி உங்கள் ஏட்டு எழுதிய அறிக்கையில் ஒரு வரி தவறு. எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. அதைத் திருத்தத்தான் இன்று நானாக வந்து, காகிதம் கேட்டு வாங்கி, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

இறந்துபோன ஐயாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் சொல்தா. அவர் வீடு சொல்தா வீடு. நல்ல மனிதர், கொஞ்சம் வாய் அதிகம். பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் போன பிறகும் வாய் போகவில்லை. பேச்சு மெதுவாக வரும், ஆனால் வரும்.

அவர் மகன் கதிரவன் பாரிஸில் இருக்கிறார். அப்பா கத்திரி வெயிலில் கஷ்டப்படக் கூடாது என்று அங்கிருந்து ஒரு மெஷினைக் கப்பலில் அனுப்பி வைத்தார். நம் ஊரில் மாட்டுகிற மாதிரி சுவரில் தொங்கும் பெட்டி இல்லை. குளிர்விக்கும் காயில் கண்ணுக்குத் தெரியாமல் கூரைக்குள் உட்கார்ந்துகொள்ளும். கை நுழையும் அளவு சின்னக் குழாய்கள் வழியாகக் காற்று வந்து, கூரையில் டம்ளர் வாய் அளவு ஓட்டைகளில் இறங்கும். பார்த்தால் ஏ.சி. இருப்பதே தெரியாது. ஏ.சி. இருப்பது நாலு பேருக்குத் தெரியாவிட்டால் அப்புறம் எதற்கு ஏ.சி. என்று எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மெஷின் குளிர்விக்கவும் செய்யும், சூடாக்கவும் செய்யும். உள்ளே ஒரு வால்வு, கேஸ் போகும் வழியை மாற்றிவிடும். மாற்றினால் உள்ளே வரவேண்டிய குளிர் வெளியே போகும், வெளியே போகவேண்டிய சூடு உள்ளே வரும். பனி பெய்கிற நாட்டுக்கு அது சரி. காரைக்காலுக்குச் சூடாக்குகிற மெஷின் அனுப்பிய மகனை என்னவென்று சொல்வது. கடலுக்கு உப்பு அனுப்பியிருந்தாலும் கப்பல் கூலி குறைவாக ஆகியிருக்கும்.

இந்த மாவட்டத்திலேயே அப்படி ஒரு மெஷினை மாட்டிய முதல் ஆள் நான்தான். இதை அறிக்கையில் எங்கும் சேர்க்கவில்லை. முடிந்தால் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நம் வீடுகளில் கூரைக்கு மேல் பரண் கிடையாது. குளியலறைக்கு மேல் பொய்க்கூரை போட்டு அதற்குள் காயிலைத் தொங்கவிட்டேன். காப்பர் பைப் இணைப்புகளை நானே பற்றவைத்தேன். சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் ஒரு குமிழி கிளம்பவில்லை. உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் போட்டு முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, தராசில் சிலிண்டரை வைத்து, கேஸை நிறுத்து ஏற்றினேன். மற்றவர்கள் பைப்பைத் தொட்டுப் பார்த்து, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரித் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நான் அப்படியில்லை.

அழுத்தம் அதிகமானால் மெஷின் தானாக நிற்க ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அதை மட்டும் நேராக இணைத்துவிட்டேன், அதாவது இல்லாத மாதிரி ஆக்கிவிட்டேன். நம் ஊர் கரண்டுக்கும் வெயிலுக்கும் அந்தச் சுவிட்ச் அடிக்கடி விழும். மெஷின் நின்றால் மெக்கானிக்கைத்தான் திட்டுவார்கள். இது எல்லோரும் செய்கிறதுதான். சொல்லப்போனால் அது ஒரு வாடிக்கையாளர் சேவை.

வேலை நடந்த நாளெல்லாம் ஐயா கட்டிலில் படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "அங்கல்லாம் இத ஒரே நாள்ல மாட்டிட்டுப் போய்டுவான் தம்பி" என்பார். ஒருநாள் எங்கள் ஏ.சி. மெக்கானிக் சங்கத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தபோது, "பாண்டிச்சேரிலேருந்தே ஒரு ஆள வரவச்சிருக்கலாம்" என்றார். கோவிந்தராசு சிரித்தான். மண்டபத்தூர் ஆள், ஐஸ் பிளான்டுகளில் வேலை பார்க்கிறவன். சங்கத் தலைவர் பதவிக்கு எனக்கு எதிராக நின்றவன். எனக்கு ஐயா மேல் கோபம் எதுவும் இல்லை. நான் கோபப்படுகிற ஆளே இல்லை, என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கடைசி நாள் சனிக்கிழமை. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு வயர் கொடுப்பது மட்டும் பாக்கி. முந்தின நாளே வயரை நேரடியாகக் கொடுத்து ஓட்டிக் காட்டியிருந்தேன், அறை ஜில்லென்று ஆனது, ஐயாவே தலையை ஆட்டினார். தெர்மோஸ்டாட்டில் அந்த வால்வுக்கென்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முனைகள். ஒன்றில் கொடுத்தால் குளிர் கேட்கும்போது குளிர் வரும். இன்னொன்றில் கொடுத்தால் குளிர் கேட்கும்போது சூடு வரும். எது எது என்பது கூடவே வந்த புத்தகத்தில் பிரெஞ்சில் இருந்தது.

ஐயா இடக்கையை நீட்டினார். "அதக் குடு தம்பி, நான் படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாங்க ஐயா. மெஷினுக்குப் பாஷ கெடையாது" என்றேன்.

அருகில் அமுதம் நின்றாள். கருக்களாச்சேரிப் பெண், ஐயாவைக் குளிப்பாட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். படுத்துக் கிடக்கிறவர் படித்துச் சொல்லி நான் வயர் கொடுத்தேன் என்று ஊரில் போய்ச் சொல்ல ஒரு சாட்சி. அதை நான் விரும்பவில்லை. ஒரு முனையில் கொடுத்து, மூடியை முடுக்கி, சுவிட்சைப் போட்டேன். அந்த மாதிரி மெஷின் போட்டவுடன் கம்ப்ரஸர் கிளம்பாது, சில நிமிடம் வெறும் காற்றுத்தான் வரும். காத்திருந்து பார்த்திருக்கலாம். கோட்டுச்சேரியில் கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம். நான்தான் தலைவர் என்று முடிவாகி, மாலை வாங்கி வைத்திருந்தார்கள். வாடிப் போகும்.

ஐயாவின் மனைவி சொர்ணாம்பாள் அம்மா திருநள்ளாற்றுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஐயாவும் அமுதமும் மட்டும்.

மண்டபத்தில் எனக்கு மாலை போட்டார்கள். பிரான்ஸ் மெஷினைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. "சொல்தா வீட்டிலேருந்து" என்று மைக்கிலேயே சொன்னேன். எல்லோரும் அமைதியானார்கள்.

"அண்ணே, அனலா வருதுண்ணே" என்றாள் அமுதம். "ஐயாவுக்கு வேத்து ஊத்துது. சன்னலத் தொறந்து வைக்கவா?"

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. இதைத் தயவுசெய்து கவனித்துப் படியுங்கள். அனல் என்ற வார்த்தை காதில் விழுந்த அந்த நொடியே, வால்வு, இரண்டு முனை, எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றது. தாமதமே இல்லை. வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் யோசித்திருப்பான்.

சுவிட்சை அணைக்கச் சொன்னால் போதும். ஒரு வார்த்தை. ஆனால் முன் வரிசையில் கோவிந்தராசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலை கழுத்தில் இருந்தது.

"சன்னலத் தொறக்காதம்மா. புது மெஷின், உள்ள இருக்கிற பழைய சூட்ட மொதல்ல தள்ளும். கதவு சன்னல் எல்லாத்தயும் சாத்திடு. நம்பரக் கொறச்சு வை, பதினாறுல வை" என்றேன்.

நம்பரைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். குளிர் போதவில்லை என்று மெஷின் நினைக்கும். இன்னும் உழைக்கும். எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு சூடு. அறை சூடாகச் சூடாக அது விடாமல் ஓடும். வேறு ஒருவன் கேஸ் ஏற்றியிருந்தால், அந்த அழுத்தச் சுவிட்சும் இருந்திருந்தால், அந்த வெயிலுக்கு அரைமணியில் மூச்சு முட்டி நின்றிருக்கும். என் மெஷின் நிற்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போது மறுபடி அடித்தது.

"அண்ணே, உள்ள நிக்க முடியல. ஐயா கம்பால செவத்தத் தட்டிக்கிட்டே இருக்காங்க. 'வா வா'ங்கிறாங்க, பேச்சு கொழறுது. எனக்குப் பயமா இருக்கு."

பந்தியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

"குளுரு தாங்கலியா?" என்று சத்தமாகக் கேட்டேன். "ஏ.சி. பழகாத ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். ஒரு போர்வைய எடுத்து நல்லாப் போத்தி உடு."

"போர்வையாண்ணே?"

"ஆமாம்மா. போத்திட்டு, கதவச் சாத்திட்டு நீ வெளில ஒக்காரு. ஆளு உள்ள இருந்தா மெஷின் செட் ஆகாது. அம்மா வர வரைக்கும் தொறக்காத."

பந்தியே சிரித்தது. பாயசம் இன்னொரு கரண்டி ஊற்றினார்கள். சொல்தாவையே நடுங்க வைத்துவிட்டான் சுந்தரமூர்த்தி என்று ஒருவர் சொன்னார். கோவிந்தராசு மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அந்த முகத்தைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அமுதத்தைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். அனல் அடிக்கிற அறைக்குள் போய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகியிருக்கிறாள். தனக்குத் தெரிந்ததைவிட மெக்கானிக்குக்குத் தெரிந்தது பெரிது என்று நினைத்திருக்கிறாள். அவளுக்குத்தான் தொழில்காரனை மதிக்கத் தெரிந்திருந்தது. அவளை இப்போது அந்தத் தெருவிலேயே யாரும் சேர்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தம்தான்.

பொழுது சாயச் சொர்ணாம்பாள் அம்மா வந்து கதவைத் திறந்தார்கள். டாக்டர் வந்து, ஏற்கெனவே வாதம் வந்த உடம்பு, வெயில் காலம், போய்விட்டது என்றார். செய்தி கேட்டதும் நான் ஓடினேன். கழுத்தில் இருந்த மாலையைக் கழற்ற நேரமில்லை. அதையே ஐயாவுக்குப் போட்டேன். ரோஜா, நல்ல மாலை.

பிறகு, மெஷினை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். மூடியைக் கழற்றி, வயரை ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்கு மாற்றினேன். ஒரு திருகு தளர்த்தி, ஒரு திருகு முடுக்கி. அவ்வளவுதான் வேலை. ஐயா என் பக்கம் திரும்பியபடி படுத்திருந்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

கொள்ளி வைக்க மகன் பாரிஸிலிருந்து வரவேண்டும். அதுவரை உடலை வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்கு நாகப்பட்டினம் வரை ஆள் அனுப்பக் கிளம்பினார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். கதிரவன் வந்து இறங்கும்வரை அந்த அறை எப்படிக் குளிர்ந்தது என்று நீங்களே அந்தத் தெருவில் விசாரித்துப் பாருங்கள். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதார்கள். ஐயாவின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. மகன் அனுப்பிய மெஷினே அவரைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்று சொர்ணாம்பாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இழவு வீட்டிலேயே இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் இதேபோல் மாட்டித்தர முடியுமா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அமுதம் போய்க் கதிரவனிடம் போர்வையைப் பற்றிச் சொல்லி அழுதிருக்கிறாள். அவர் உங்களிடம் வந்தார். நீங்கள் மெஷினைப் பார்த்துச் சொல்ல ஆள் தேடினீர்கள். ஊரில் வேறு ஆளே இல்லாத மாதிரிக் கோவிந்தராசுவைக் கூட்டிப் போனீர்கள். அவன் மூடியைத் திறந்து, காலியாக இருந்த முனையில் திருகு பட்ட தடத்தைக் காட்டினானாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாவம், தெரியாம மாத்திக் குடுத்துட்டான் சார். பழக்கமில்லாத மெஷினு" என்றானாம். பாவமாம்.

அதையும் உங்கள் ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டார். "மேற்படி சுந்தரமூர்த்தி தொழிலில் போதிய அறிவு இல்லாத காரணத்தால்" என்று. நீங்களும் என் தோளில் தட்டி, "வேணும்னேவா பண்ணீங்க, தெரியாமப் பண்ணதுதானே, சின்ன கேஸ்தான், ஜாமீன்ல போங்க" என்று அனுப்பிவிட்டீர்கள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் இறங்கும்போது சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகவே நானே எழுதித் தருகிறேன். முதல் போன் வந்தபோதே எனக்கு எல்லாம் தெரியும். பதினாறில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரியும். போர்வை என்ன செய்யும் என்று தெரியும். அவர் எதற்காகச் சுவரைத் தட்டுகிறார் என்றும் தெரியும். தெரிந்தேதான் கதவைச் சாத்தச் சொன்னேன். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

ஏட்டிடம் சொல்லி அந்த வரியை அடித்துவிடுங்கள். ஆளைக் கொன்றேன் என்று எழுதுங்கள், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.